மாயாவிக்கு முகம் வேண்டுமா? படம் வந்தால் உங்கள் ஆசை என்ன, பயம் என்ன?

குகைவாசி | வெள்ளி, இரவு 9.12

மறுபடியும் அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. இன்று சாயங்காலம் சேலம் குகைப் பகுதியில் டீக்கடையில் நிற்கிறேன், பக்கத்தில் ஒரு பையன் செல்போனை நீட்டினான். கையில் கனமான வெள்ளிக் காப்பு. "அண்ணா, இரும்புக்கை மாயாவின்னு படம் வருதாம். யாருண்ணா அது, வில்லனா?" என்றான். உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற நம் காமிக்ஸ் நாயகனைப் போய் இப்படிக் கேட்டால்? எனக்கு டீ இறங்கவில்லை.

சூர்யா, லோகேஷ் கனகராஜ் என்று பெயர்களைச் சேர்த்து இந்தப் படம் அடிபடத் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. எடுத்த பாடில்லை. யார் எடுத்தாலும் சரி, என்றைக்கு எடுத்தாலும் சரி, என் மனதில் இருப்பதை இங்கே இறக்கி வைத்துவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு வாடகைப் புத்தகக் கடை. அங்கேயே உட்கார்ந்து படித்தால் பத்து பைசா, வீட்டுக்கு எடுத்துப்போனால் இருபத்தைந்து. கடைக்காரர் புத்தகத்தின் நடுவே குத்தியிருந்த பின்னைப் பிடுங்கிவிட்டு, கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்து வைத்திருப்பார். தையல் இறுக்கத்தில் உள்பக்கத்து எழுத்துகள் பாதி விழுங்கப்பட்டிருக்கும். அப்படிப் பாதி வசனத்தை நாமே ஊகித்துப் படித்த முத்து காமிக்ஸில்தான் மாயாவியைச் சந்தித்தேன். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

ஒரு கட்டம் மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு அறை. யாருமில்லை. கதவின் கைப்பிடியை ஒரு இரும்புக் கை பிடித்திருக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துத்தான் நான் பயந்தேன், கையைப் பார்த்து இல்லை.

என் பயமும் அங்கேதான். நம் ஊரில் கதாநாயகன் அறிமுகம் எப்படி? முதலில் செருப்பு, அப்புறம் முதுகு, அப்புறம் மெதுவாக முகம், அப்புறம் விசில். மாயாவிக்கு இது நேர்மாறு. முகம் போனால்தான் அவர் மாயாவி. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நடிகரிடம் போய், "சார், நல்ல கட்டங்களில் எல்லாம் நீங்கள் திரையில் இருக்கமாட்டீர்கள்" என்று எந்த இயக்குநர் சொல்வார்? ஆகவே என்ன நடக்கும் என்று எனக்கே தெரிகிறது. மறைவது ஐந்து நிமிடம், இரும்புக் கையால் அடிப்பது ஐம்பது நிமிடம்.

நீங்கள் சொல்லுங்கள்.


தட்டுவடை | வெள்ளி, இரவு 9.20

கை சேலம் உருக்காலையில் செய்ததாக இருக்கட்டும். துருப்பிடிக்காது. மற்றதை அப்புறம் பேசுவோம்.


ஐந்துரோடு ஆர்ச்சி | வெள்ளி, இரவு 10.05

குகை அண்ணா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் மாயாவியைப் படித்தது மறுபதிப்பில். வழவழ தாள், தையல் கிடையாது, எல்லா எழுத்தும் தெரியும். எனக்கு அவரைப் பிடிக்கும். என் ஆபீஸில் இருபது பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் அவரைத் தெரியாது. எல்லாருக்கும் மார்வெல் தெரியும், பேட்மேன் தெரியும். படம் இவர்களையும் உள்ளே இழுக்க வேண்டும் இல்லையா? பெரிய நடிகர் இல்லாமல் அந்தப் பட்ஜெட்டுக்கு யார் காசு போடுவார்? முகமில்லாத படம் என்றால் தயாரிப்பாளரும் மறைந்துவிடுவார்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இரும்புக்கை மாயாவி என்பது தமிழில் நாம் வைத்துக்கொண்ட பெயர். மூலம் பிரிட்டன் காமிக்ஸ், 'தி ஸ்டீல் க்ளா'. 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தப் பழைய இதழ்களின் உரிமை இப்போது ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. முறைப்படி உரிமை வாங்கி எடுத்தால் கதை கிடைக்கும். அந்தச் செலவு வேண்டாம் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே வேறு ஆள், வேறு கதை, கையில் ஒரு இரும்பு உறை என்று எடுத்தால்? போஸ்டரைப் பார்த்து நாம் ஓடுவோம், உள்ளே போனால் நம்மாள் இருக்கமாட்டார். முகத்தைவிட எனக்கு இதுதான் பயம்.


குகைவாசி | வெள்ளி, இரவு 10.31

தம்பி, ரெபெல்லியன் என்று நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். ஜட்ஜ் ட்ரெட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பாத்திரம் காமிக்ஸில் ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டுவதே இல்லை. 1995-ல் சில்வெஸ்டர் ஸ்டாலோனை வைத்து எடுத்தார்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஹெல்மெட் போயிற்று, அப்புறம் முழுக்க ஸ்டாலோன்தான். ரசிகர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். 2012-ல் மறுபடி எடுத்தபோது கார்ல் அர்பன் படம் முடியும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தாடையும் வாயும் மட்டும் வைத்துக்கொண்டு நடித்தார் மனிதர்.


ஐந்துரோடு ஆர்ச்சி | வெள்ளி, இரவு 10.38

அந்த 2012 படம் தியேட்டரில் ஓடவில்லை அண்ணா. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


குகைவாசி | வெள்ளி, இரவு 10.40

ஓடவில்லைதான். டிவிடியில் வந்த பிறகு ஆள் சேர்ந்தது. ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் கட்சி மாறவில்லை.


கொண்டையூசி 20 | சனி, காலை 6.50

ஏற்காட்டிலிருந்து. நேற்று இரவு இங்கே நெட்வொர்க் இல்லை, இப்போதுதான் முழுக்கப் படித்தேன்.

அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். சம்பள நாளில் சேலத்துக்கு இறங்கினால் மளிகைச் சாமானோடு இரண்டு காமிக்ஸ் வரும். பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் அவர் ஒன்றைப் படித்து முடித்திருப்பார். எனக்கும் தம்பிக்கும் சண்டை மிச்சத்துக்கு.

நீங்கள் இருவரும் முகத்தையும் பெயரையும் பேசுகிறீர்கள். எனக்கு அவர் மனசைப் பற்றிக் கவலை. மாயாவி நல்லவராகப் பிறக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மாயாவியின் நிஜப் பெயர் லூயி கிராண்டல், ஒரு பரிசோதனைச் சாலை உதவியாளர். வலது கையை ஏற்கெனவே விபத்தில் இழந்து இரும்புக் கை பொருத்தியவர். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைகிறது, கை மட்டும் மறையவில்லை. உடனே ஊரைக் காப்பாற்றவா போகிறார்? திருடப் போகிறார். கண்ணில் படாமல் இருக்க முடியும் என்று தெரிந்ததும் மனிதனுக்கு முதலில் வருகிற புத்தி அதுதான். பிறகுதான் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய உளவுப் படையில் சேர்ந்து, நாம் கொண்டாடுகிற மாயாவி ஆகிறார்.

நம் படத்தில் இதை வைப்பார்களா? கதாநாயகன் வங்கியைக் கொள்ளையடித்தால், அது ஒரு அனாதை இல்லத்துக்காக என்று ஒரு காட்சி வந்துவிடும். வில்லன் தங்கையைக் கொன்றிருப்பான். கொள்ளைக்கு ஒரு நியாயம் கட்டிவிடுவார்கள். அந்த நியாயம் வந்த நிமிடமே அவர் மாயாவி இல்லை, நூறோடு நூற்றொன்று.

இன்னொன்று. இதைச் சிரிக்காமல் படியுங்கள். உடம்பு மறைய மின்சாரம் வேண்டும் என்று படித்துவிட்டு என் தம்பி எட்டு வயதில் ஒரு சில்வர் ஸ்பூனைப் பிளக் ஓட்டைக்குள் விட்டான். தூக்கி எறிந்ததில் அலமாரியில் மோதி நெற்றியில் மூன்று தையல். "அக்கா, நான் தெரியறேனா?" என்றுதான் முதலில் கேட்டான். அப்பா எல்லாப் புத்தகங்களையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார், ஒரு வருடம் திறக்கவில்லை. படத்தில் அந்தக் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. வீட்டுப் பிளக்கைக் காட்டாமல், பெரிய இயந்திரம், பெரிய கம்பி என்று வைத்தால் நல்லது.


தட்டுவடை | சனி, காலை 7.15

மின்வெட்டு நேரத்தில் வில்லன் மாட்டியிருந்தால் மாயாவி இன்வெர்ட்டர் தேடி அலைந்திருப்பார்.

(தம்பி இப்போது நலம்தானே அக்கா?)


கொண்டையூசி 20 | சனி, காலை 7.22

மின் வாரியத்தில் வேலை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.


பச்சைத்திரை | சனி, பகல் 12.40

அம்மாபேட்டைக்காரன், இப்போது சென்னையில் கிராபிக்ஸ் வேலை. லீவுக்கு வந்திருக்கிறேன். மறைவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது என் தொழில், அதனால் இரண்டு வார்த்தை. இரண்டில் நிற்காது என்று தோன்றுகிறது.

ஆள் மறைந்து கை மட்டும் தெரிவது கேட்பதற்குச் சுலபம். நடிகருக்கு உடம்பெல்லாம் பச்சை உடை, கையில் மட்டும் உலோக உறை. நடிக்கச் சொல்லி எடுப்பது ஒருமுறை. பிறகு அதே கேமரா, அதே நகர்வு, அதே வெளிச்சம், ஆள் இல்லாமல் இன்னொருமுறை. இதைக் கிளீன் பிளேட் என்போம். முதலாவதில் ஆளை அழித்துவிட்டு, அழித்த இடத்தை இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். கேமரா ஸ்டாண்டில் நின்றால் ஒரு வாரத்தில் முடிகிற ஷாட், கேமராமேன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினால் மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும்.

தலைவலி என்னவென்றால் இரும்பு பளபளக்கும். பளபளக்கிற பொருள் எதிரே இருப்பதைக் காட்டும். எதிரே இருப்பது பச்சை உடை போட்ட ஆள். கை முழுக்கப் பச்சை அடிக்கும். அதைத் துடைப்பதற்குப் பதில் கையையே கணினியில் செய்துவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். அங்கேதான் படம் படுக்கும். கணினியில் செய்த கை காற்றில் மிதக்கும். நிஜக் கை மிதக்காது. ஒரு பெட்டியைத் தூக்கினால் முதலில் தோள் இறங்கும், அப்புறம் முழங்கை, கடைசியில்தான் மணிக்கட்டு. தோள் தெரியாவிட்டாலும் தோள் இருப்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பொம்மலாட்டம்.

பிளாஸ்கோவின் கட்டங்களை எடுத்துப் பாருங்கள். வெறும் கைதான், ஆனால் அந்த ஆள் குனிந்திருக்கிறாரா, ஓடுகிறாரா, தயங்குகிறாரா என்று கையின் சாய்விலேயே தெரியும். குகை சார் சொன்ன கதவுக் கட்டமும் அப்படித்தான் இருக்கும். நான் அந்தப் படங்களை என் கணினியில் போட்டு வைத்திருக்கிறேன், வேலைக்காகவே.

நடிகர் முகம் தெரியாது, ஆனால் அவர் உடம்பு அத்தனை காட்சியிலும் பச்சை உடையில் வேலை செய்தாக வேண்டும். பெரிய நடிகர் அதைச் செய்வாரா, டூப்பை அனுப்பிவிடுவாரா? குகை சாருடைய கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.


வெள்ளிமுடி | சனி, மாலை 4.30

எனக்கு எழுபத்தைந்து வயது. பேரன் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவன் தலையில் போடுங்கள்.

பச்சை உடை என்கிறீர்கள். 1933-ல் அமெரிக்காவில் 'இன்விசிபிள் மேன்' எடுத்தபோது அதற்குக் கறுப்பு வெல்வெட். ஆளுக்குக் கறுப்பு வெல்வெட் சுற்றி, பின்னாலும் கறுப்பு வெல்வெட் தொங்கவிட்டு எடுத்து, பிறகு வேறு பிலிமோடு சேர்த்தார்கள். அதில் நடித்த கிளாட் ரெயின்ஸின் முகம் கடைசியில் சாகும்போதுதான் தெரியும். குரலை வைத்தே படத்தை ஓட்டினார். அதன் பிறகு அவர் பெரிய நடிகர் ஆகிவிட்டார். முகம் காட்டாமல் ஒருவர் நட்சத்திரம் ஆனதும் நடந்திருக்கிறது, இளைஞர்கள் கவனிக்க.

இந்த மாதிரிப் படத்துக்குச் சென்னையைத் தேடிப் போக வேண்டிய ஊரா நம் ஊர்? என் தகப்பனார் மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சு வேலை பார்த்தவர். ஏற்காடு ரோட்டில் இன்றைக்கு அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, நீங்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறீர்கள். 1940-ல் டி.ஆர். சுந்தரம் 'உத்தம புத்திர'னை எடுத்தபோது பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். கணினியா இருந்தது? லென்ஸில் பாதியை மறைத்து ஒரு தடவை, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை. அந்த மாதிரி ஷாட் எடுக்கும்போது செட்டில் தும்மக்கூடப் பயப்படுவார்கள் என்று அப்பா சொல்வார். கேமரா ஒரு நூல் அசைந்தால் சின்னப்பாவுக்கு நடுவில் கோடு விழுந்துவிடும். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அதுவும் இங்கேதான்.

அப்புறம் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படமாக வந்துகொண்டிருந்தது. 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்'. 1972-ல் மாயாவி தமிழுக்கு வந்தபோது, அடுத்த படம் இதுதான் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். ஜெய்சங்கர், இரும்புக் கை, ஏற்காடு மலை. வரவில்லை. ஐம்பது வருடமாகக் காத்திருக்கிறேன், அதனால் யார் நடித்தாலும் எனக்குச் சம்மதம். சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள்.


குகைவாசி | சனி, மாலை 5.02

ஐயா, வணக்கம். உங்கள் பெயரைப் பார்த்ததுமே கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் ரசிகர் என்று தெரிந்தது. டெக்ஸின் நரைமுடித் தோழர் கார்சனை நினைத்துத்தானே வைத்தீர்கள்? அப்பாவைப் பற்றித் தனியாக ஒரு இழை போடுங்கள், பேரனை நான் கேட்டுக்கொள்கிறேன்.


ஓமலூர் ஸ்பைடர் | சனி, மாலை 6.15

டெக்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது. நமக்குப் பிடித்தவர்களைப் படமாக்கினால் என்ன கதி என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. டெக்ஸை 1985-ல் இத்தாலியில் படமாக எடுத்தார்கள், ஜூலியானோ ஜெம்மா நடித்தார். 1948-லிருந்து அந்த நாட்டில் விற்றுக்கொண்டிருக்கிற பாத்திரம். படம் விழுந்தது. பிரிட்டன் காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைசியை 1966-ல் எடுத்தார்கள், மோனிகா விட்டி. எழுத்தாளர் பீட்டர் ஓ'டானல் கொடுத்த திரைக்கதையை ஆளாளுக்குத் திருத்தி, கடைசியில் அவர் அடையாளமே இல்லாமல் ஆக்கினார்கள். 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழில் நாம் பார்த்த மாடஸ்டிக்கும் அந்தப் படத்துக்கும் தலைமுடி நிறத்தில்கூட ஒற்றுமை தேட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் கேப்டன் டைகர், பிரெஞ்சு கௌபாய் காமிக்ஸ் 'புளூபெரி'க்குத் தமிழில் வைத்த பெயர். 'தங்கக் கல்லறை' படித்தவர்கள் கை தூக்குங்கள். பாலைவனம், தங்கச் சுரங்கம், கூடவே வருகிற பித்தலாட்டக்காரன். அந்தக் கதையைத் தொட்டு 2004-ல் பிரான்சில் வின்சென்ட் கசலை வைத்து ஒரு படம். ஆவலோடு உட்கார்ந்தேன். சுரங்கத்துக்குப் போவார்கள் என்று பார்த்தால் மூலிகை குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் திரையில் பாம்பும் புழுவும் வண்ணக் கோலமும். ஸ்கிரீன்சேவர் ஓடுகிறதோ என்று மவுஸை ஆட்டிப் பார்த்தேன்.


ஐந்துரோடு ஆர்ச்சி | சனி, மாலை 6.40

டின்டின் 2011 நன்றாக வந்ததே. ஸ்பீல்பெர்க் எடுத்தார். அதில் நடிகர்கள் நடித்தார்கள், முகம் மட்டும் காமிக்ஸ் முகம். பச்சைத்திரை அண்ணா சொல்கிற மாதிரி உடம்பு வேலை செய்தது.

இன்னொரு கவலையும் சொல்லிவிடுகிறேன். படம் வந்தால் நம் ஆட்களே, "இது ஹாலோ மேன் காப்பி" என்பார்கள். 2000-ல் வந்த படம் அது, மாயாவி 1962. இரும்புக் கையைப் பார்த்து, "வின்டர் சோல்ஜர் காப்பி" என்பார்கள். அந்த இரும்புக் கை வந்தது 2005-ல். மறைகிற மனிதன் என்றால், "மிஸ்டர் இந்தியா" என்பார்கள், இல்லை என்றால் பாக்யராஜ் தமிழில் செய்த 'என் ரத்தத்தின் ரத்தமே' என்பார்கள். தாத்தாவைப் பார்த்துப் பேரன் சாயல் என்று சொல்கிற கதை. படத்தின் தொடக்கத்தில் 1962 என்று பெரிதாகப் போட வேண்டும்.


கொண்டையூசி 20 | சனி, இரவு 8.10

அப்படியானால் கதை எங்கே நடக்க வேண்டும்? 1962 லண்டனா, இன்றைய தமிழ்நாடா? இதை இன்னும் யாரும் தொடவில்லை.

முத்து காமிக்ஸ்காரர்கள் ஊரை மாற்றவில்லை. லண்டன் லண்டனாகவே இருந்தது, நாம்தான் தமிழில் பேசுகிற லண்டனுக்குப் பழகிக்கொண்டோம். படத்தில் அது எடுபடாது என்று நினைக்கிறேன். மேலே கோட்டு, உள்ளே நம் நடிகர், "யாரங்கே?" என்று வசனம், பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. டிசம்பர் காலையில் இங்கே ஏரிக்கரையில் நடந்தால் நான்கு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பனிமூட்டம் மேலே ஏறாமல் சாலையிலேயே படுத்துக் கிடக்கும். எதிரே ஆள் வந்தால் ஆள் தெரியுமுன் பனி விலகுவது தெரியும். இந்தப் பனியில் மாயாவி நடந்துவந்தால் எப்படி இருக்கும்? ஆள் வடிவத்தில் ஒரு பள்ளம். பனிக்கு நடுவே ஒரு வெற்றிடம், அதன் ஓரத்தில் ஈரம் சொட்டுகிற ஒரு இரும்புக் கை. மறைந்துபோனவனை ஊரே பார்க்க முடிகிற ஒரே இடம் எங்கள் மலை. இங்கே ஒளிந்துகொள்ள வந்து இங்கேயே மாட்டிக்கொள்கிறான் என்று வைத்துப் பாருங்கள்.


பச்சைத்திரை | சனி, இரவு 8.25

அக்கா, நல்லா இருக்கீங்களா? அந்த ஒரு ஷாட்டுக்கு என்னை ஆறு மாதம் உட்கார வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. புகை, பனி, தண்ணீர், இந்த மூன்றும்தான் எங்கள் எமன்.

ஆனால் எடுத்தால் அந்த ஷாட்டுக்காகவே படம் பார்ப்பேன்.


ஐந்துரோடு ஆர்ச்சி | சனி, இரவு 8.33

கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் துரத்தல் வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை, ஸ்டீயரிங்கில் இரும்புக் கை மட்டும். எதிரே இறங்கி வருகிற பஸ் டிரைவர் அதைப் பார்க்கிறார்.


தட்டுவடை | சனி, இரவு 8.35

எங்கள் ரூட் பஸ் டிரைவர் அதற்கெல்லாம் அசரமாட்டார். "ஏறுகிற வண்டிக்கு வழி விடுடா"ன்னு அவனும் கையைக் காட்டிட்டான் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.


வெள்ளிமுடி | ஞாயிறு, காலை 7.40

தாத்தா தூங்கி எழுந்ததும் இதைத்தான் படித்துக் காட்டச் சொன்னார் (பேரன்). அவர் சொல்வது: பனி யோசனை அபாரம், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவு குறையும், கலர் வேண்டாம்.

நான் சொல்வது: கதாநாயகி எங்கே? பழைய கதைகளில் பெண்களே அத்திபூத்தாற்போலத்தான் வருகிறார்கள். பாட்டுக்காக ஒருவரைக் கொண்டுவந்து திணிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.


கொண்டையூசி 20 | ஞாயிறு, காலை 9.05

பேரனுக்குச் சபாஷ். என் யோசனை: கிராண்டல் உதவியாளராக இருந்தாரே, அந்தப் புரொபசர் பாரிங்கரைப் பெண்ணாக்கிவிடுங்கள். ஐம்பது வயது விஞ்ஞானி. தன் பரிசோதனைச் சாலையில் நடந்த விபத்தால் ஒருவன் திருடனாக மாறிவிட்டான் என்று தெரிந்து அவனைத் தேடுகிறாள். பாட்டும் வேண்டாம், காதலும் வேண்டாம். அவள் அவனிடம் பேசும்போது எங்கே பார்த்துப் பேசுவாள்? கையைப் பார்த்தா, முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தா? அதை நல்ல நடிகையிடம் கொடுத்தால் போதும்.


ஓமலூர் ஸ்பைடர் | ஞாயிறு, காலை 9.30

மூலத்தை மாற்றாதே என்று இவ்வளவு நேரம் கத்திவிட்டு இப்போது நாமே மாற்றுகிறோம், கவனித்தீர்களா?


குகைவாசி | ஞாயிறு, காலை 10.15

கவனித்தேன். ஊரை மாற்றியாயிற்று, புரொபசரை மாற்றியாயிற்று. எனக்கும் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' என்று நான் எத்தனை படித்தாலும் எனக்குள் மிஞ்சியது இரண்டுதான். முகமில்லாத அந்த வெள்ளைத் தாள். அப்புறம், கொண்டையூசி சொன்ன மாதிரி, அவர் முதலில் திருடன் என்பது. சின்ன வயதில் எனக்கு அந்தத் திருடனைத்தான் பிடித்தது, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாடகைக் கடைக்காரருக்குத் தெரியாமல் ஒரு நாள் ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தவன்தான் நான். மறுநாள் காலையில் கடை திறக்குமுன் கதவிடுக்கில் தள்ளிவிட்டேன். கண்ணில் படாமல் எடுக்கவும் முடிந்தது, வைத்திருக்க முடியவில்லை.

இந்த இரண்டையும் விட்டுவிட்டு எடுத்தால் என்ன பெயர் வைத்தாலும் நான் போகமாட்டேன். இரண்டும் இருந்தால் லண்டன், ஏற்காடு, செவ்வாய் கிரகம், எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும். ஆர்ச்சி தம்பி, பெரிய நடிகரையே போடச் சொல்லுங்கள். பச்சை உடையில் அவரே வேலை செய்யட்டும். விசில் நான் அடிக்கிறேன்.


ஐந்துரோடு ஆர்ச்சி | ஞாயிறு, காலை 10.22

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன் அண்ணா. முதல் நாள் முதல் காட்சி, டிக்கெட் என் செலவு, விசில் உங்கள் பொறுப்பு.

டீக்கடைப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.


குகைவாசி | ஞாயிறு, காலை 10.40

பதில் சொல்லத் தெரியவில்லை. வண்டிப் பெட்டியில் ஒரு மறுபதிப்பு வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்து, "படிச்சுட்டு நாளைக்கு இதே நேரத்துக்கு இங்கே கொண்டாடா" என்றேன். நேற்றுப் போனேன், ஆளைக் காணோம். இன்றும் இதோ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு டீ ஆகிவிட்டது. கடைக்காரர், "எப்படி இருப்பான் சொல்லுங்க, பார்த்தா பிடிச்சு வைக்கிறேன்" என்கிறார். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், முகம் சுத்தமாக ஞாபகம் வரவில்லை. கையில் வெள்ளிக் காப்பு, அது மட்டும் நிற்கிறது. குகைப் பக்கத்து ஆட்கள் யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.


தட்டுவடை | ஞாயிறு, காலை 10.43

எந்தக் கைன்னு சொல்லுங்க.


குகைவாசி | ஞாயிறு, காலை 10.44

வலது.